அர்ஜென்டினா இழுப்பது கரமடி, நாம் போடுவது தூண்டில்

மஞ்சள்கரை (தூத்தூர்):

முதலில் ஒரு வாக்குமூலம். கால்பந்தில் எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் பிரேசில் அணிதான். எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரின் மஞ்சளையும் பச்சையையும் சொல்லித்தான் தபால்காரருக்கு வழி காட்டுவார்கள். அப்படிப்பட்டவன், 2025 மார்ச் 26 அன்று அர்ஜென்டினாவின் நீலவெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மாலை வரை நின்றேன். பந்தயத்தில் தோற்றவன் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அன்று விடியற்காலை ஐந்தரைக்கு புவெனஸ் ஐரிஸில் தொடங்கிய ஆட்டத்தில் பிரேசில் அர்ஜென்டினாவிடம் 4-1 என்று தோற்றது. மீன் ஏலம் எடுக்க வந்தவர்கள்கூட என்னைப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்டார்கள்.

ஸ்கோரை எப்படியோ விழுங்கிவிட்டேன். முதல் கால் மணி நேரம்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. நான்காவது நிமிடத்தில் அல்வாரஸ், பன்னிரண்டாவது நிமிடத்தில் என்சோ. மெஸ்ஸி இல்லை, லவுத்தாரோவும் இல்லை. நடுக்களத்தில் டி பால், பரேடஸ், என்சோ, மக் அலிஸ்டர் என்று நால்வர். நம் பக்கம் ஆந்த்ரேயும் ஜோயலின்டனும் மட்டும். முன்னால் ரோட்ரிகோ, ரஃபீனியா, வினீசியஸ், குன்யா என்று நான்கு பேர் பந்து வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரவில்லை.

நம் கரையில் வளர்ந்தவர்களுக்குக் கரமடியை விளக்க வேண்டியதில்லை, மார்த்தாண்டத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு முனை கரையில் ஆட்களிடம் இருக்கும். வள்ளம் கடலுக்குள் போய் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு, மறுமுனைக் கயிற்றோடு வேறோர் இடத்தில் கரையேறும். பிறகு இரண்டு பக்கமும் இழுப்பார்கள். இழுத்துக்கொண்டே மணலில் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவார்கள். உள்ளே இருக்கும் மீனுக்கு முதலில் ஒன்றுமே தெரியாது, கடல் விரிந்துதான் கிடக்கிறது. தெரியும்போது அது மடிக்குள் இருக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் ஆந்த்ரேயின் நிலைமை அதுதான். அவர் பந்தை வாங்கித் திரும்பும்போதெல்லாம் எட்டடிக்குள் மூன்று நீலவெள்ளைச் சட்டைகள் நின்றன.

பிரேசில் இன்று ஆடுவது தூண்டில். எங்கள் ஊர் ஆட்கள் சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடலில் வாரக்கணக்கில் போடுகிறார்களே, அதே போல. கயிற்றை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வினீசியஸின் காலில் ஒன்று சிக்கினால் பெரிய மீன். சிக்காத நாளில் டீசல் செலவு மட்டும்தான் கண்ட பலன்.

நான் சிறுவனாக இருந்தபோது என் அப்பா சொல்லிக்கொடுத்த பிரேசில் இது அல்ல. 1982 உலகக் கோப்பையில் ஸீக்கோ, சாக்ரட்டீஸ், ஃபால்கோ, செரேஸோ ஆகியோர் பந்தை வைத்துக்கொண்டு எதிரணியைச் சுற்றிச் சுற்றி வந்த பிரேசில் அவருடையது. பார்சிலோனாவில் அந்த அணி அர்ஜென்டினாவை 3-1 என்று அடித்தது, ஆத்திரத்தில் உதைத்த மரடோனா சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். அந்த ஆட்டம் இப்போது நீலவெள்ளைக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.


பத்தாம் நம்பர் (குளச்சல்):

அண்ணன், இந்த இணைய இழையை அச்சடித்துச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டப்போகிறேன்.

கட்சியை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கரமடி என்றால் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இழுப்பது. எங்கள் பயிற்சியாளர் ஸ்கலோனி அப்படி இழுப்பவர் இல்லை. 2022 உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். சவுதியிடம் 2-1 என்று தோற்ற அணியும் கோப்பையைத் தூக்கிய அணியும் வேறு வேறு. மெக்ஸிகோவுக்கு எதிராக மக் அலிஸ்டர் உள்ளே வந்தார். அதே ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி கோல் போட்ட என்சோ, அடுத்த ஆட்டத்தில் இருந்து நிரந்தரம். போலந்துக்கு எதிராக அல்வாரஸ் முதல் பதினொருவரில் வந்தார். நெதர்லாந்துக்குப் பின்களத்தில் ஐந்து பேர். குரோஷியாவுக்கு நடுக்களத்தில் நான்கு பேர், ஏனென்றால் எதிரே நடுக்களத்தை ஆளும் மோட்ரிச். இறுதிப்போட்டியில் யாரும் நினைக்காதபடி டி மரியாவை இடது ஓரத்தில் நிறுத்தினார். கடலைப் பார்த்துவிட்டு வலையைத் தேர்ந்தெடுக்கும் ஆள் அவர். உங்கள் பயிற்சியாளர்கள் வலையை வீட்டிலேயே தேர்ந்தெடுத்துவிட்டுக் கடலுக்கு வருகிறார்கள்.

அந்த இறுதிப்போட்டியின் முப்பத்தாறாவது நிமிடத்து கோலை இன்னொரு முறை பாருங்கள். மக் அலிஸ்டர், மெஸ்ஸி, அல்வாரஸ், மறுபடி மக் அலிஸ்டர், டி மரியா. யாரும் பந்தைக் காலடியில் வைத்து யோசிக்கவில்லை. உங்கள் அப்பாவிடம் சட்டை நிறத்தைச் சொல்லாமல் காட்டினால் 1982 என்றுதான் சொல்வார்.


வடசேரி ஓரம் (நாகர்கோவில்):

எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். ஆனால் ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து நாட்டின் ஜாதகமே எழுதுகிறீர்கள்.

மார்ச் ஆட்டத்தில் பிரேசிலுக்கு அலிசன் இல்லை, கேப்ரியல் இல்லை, புரூனோ கிமரேஸ் இல்லை. நடுக்களத்தில் யாரை நிறுத்துவார்கள்? சரி, அதை விடுங்கள். 2021 கோப்பா அமெரிக்கா இறுதிப்போட்டியில், மரக்கானா மைதானத்தில், டி மரியா போட்ட கோல் எப்படி வந்தது? டி பால் தன் பாதியில் இருந்து தூக்கிப் போட்ட ஒரே ஒரு நீளப் பந்து. ரெனான் லோடி அதை வெட்டத் தவறினார். டி மரியா கோல்கீப்பர் எடெர்சனின் தலைக்கு மேல் தட்டிவிட்டார். 1-0. அதற்கப்புறம் ஆட்டம் முழுக்க ஃபவுல், விசில், சண்டை. இதில் கரமடி எங்கே இருக்கிறது? அசல் தூண்டில்!

2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் குரோஷியாவின் பெட்கோவிச் அடித்த பந்து மார்க்கினியோஸ் காலில் படாமல் இருந்திருந்தால், மஞ்சள்கரை அண்ணன் இந்த இழையைத் தொடங்கியிருக்கவே மாட்டார். அந்த நூற்றிருபது நிமிடத்தில் குரோஷியா கோலை நோக்கிச் சரியாக அடித்தது அந்த ஒரு பந்தைத்தான்.


மஞ்சள்கரை (தூத்தூர்):

வடசேரித் தம்பி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். வலிக்கிறது.

அந்த இரவை எழுதிவிடுகிறேன். டிசம்பர் 9. கோயில் மைதானத்தில் திரை கட்டியிருந்தோம், இரண்டு பக்கமும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள். குடிலுக்கு வைக்கோல் வாங்கப் போன பையன்கள் வைக்கோலோடு அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் கட்டத்தில் நெய்மார். ரோட்ரிகோவோடு ஒரு கொடுக்கல் வாங்கல், பக்கேட்டாவோடு இன்னொன்று, கோல்கீப்பரைச் சுற்றிப் போய் மேல் வலையில் அடித்தார். பிரேசில் அணிக்காக அது அவருடைய எழுபத்தேழாவது கோல், பேலேயின் கணக்கைத் தொட்டுவிட்டார். வைக்கோல் எல்லாம் காற்றில் பறந்தது.

நூற்றுப்பதினேழாவது நிமிடம். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி என்ன செய்ய வேண்டும்? எங்கள் ஊரில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தெரியும், பந்தைக் கார்னர் கொடிக்குக் கொண்டுபோய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். நம் ஆட்கள் இரண்டாவது கோலுக்குப் போனார்கள். பந்து பறிபோனது. பின்னால் திரும்பி ஓட வேண்டியவர்கள் எல்லாம் குரோஷியாவின் பாதியில் நின்றார்கள். ஓர்சிச் இடது ஓரத்தில் தனியாக ஓடினார், பந்து பெட்கோவிச்சுக்கு வந்தது. மார்க்கினியோஸ் காலில் பட்டது அதிர்ஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் ஆட்டத்தைத் தூங்கவைக்கத் தெரிந்த ஓர் ஆள்கூட நம் நடுக்களத்தில் இல்லையே, அதை அதிர்ஷ்டத்தில் எழுத முடியாது.

பெனால்டியைப் பற்றி எழுதமாட்டேன். ரோட்ரிகோவை முதலிலும் நெய்மாரைக் கடைசியிலும் வைத்தவரைக் கேளுங்கள். நெய்மாரின் முறை வரவே இல்லை.


பத்தாம் நம்பர் (குளச்சல்):

அதே இரவு பன்னிரண்டரைக்கு நாங்களும் நெதர்லாந்திடம் இரண்டு கோல் முன்னிலையைத் தொலைத்தோம். இரண்டாவது கோல், காயங்களுக்கான நேரத்தின் பதினோராவது நிமிடத்தில். ஃப்ரீகிக்கை நேராக அடிப்பார்கள் என்று சுவர் நிற்க, அவர்கள் தரையோடு உள்ளே தட்டிவிட்டார்கள். என் மைத்துனர் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பெனால்டியில் எங்கள் கோல்கீப்பர் எமிலியானோ இரண்டைத் தடுத்ததை அவர் காலையில்தான் தெரிந்துகொண்டார். ஆகவே, ஆட்டத்தைத் தூங்கவைக்கும் கலையில் நாங்களும் பெரிய வித்வான்கள் இல்லை, அண்ணன்.

வடசேரிக்காரருக்கு: மரக்கானா கோல் தூண்டில்தான். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கக்கூடாதா?


பழைய கோலி (இனயம்):

தம்பிமாரே, இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். விரல் நடுக்கத்தில் தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் இந்தக் கரையில் கோல் காத்தவன். முன்களத்தில் ஆடுபவர்கள் பார்க்காததைக் கோல்கீப்பர் பார்ப்பான், அவனுக்கு வேறு வேலை கிடையாது.

நீங்கள் எல்லாரும் 1990 உலகக் கோப்பையில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் மோதியதை விட்டுவிட்டீர்கள். ஜூன் 24, டுரின் நகரம். நமக்கு இரவு எட்டரை மணி. கோயிலை ஒட்டிய நூலகத்தில் ஒரு டிவி, அதற்கு முன்னால் பாதி ஊர். ஆனி மாதம், கடல் அடித்துக்கொண்டிருந்தது, யாரும் தொழிலுக்குப் போகவில்லை. மின்சாரம் போகக்கூடாது என்று பாட்டிமார் ஜெபமாலை உருட்டினார்கள்.

அர்ஜென்டினா எப்படி அந்தக் கட்டத்துக்கு வந்தது தெரியுமா? முதல் ஆட்டத்தில் கேமரூனிடம் தோல்வி. பிரிவில் மூன்றாமிடம், ஏதோ தட்டுத்தடுமாறி உள்ளே வந்தார்கள். மரடோனாவின் கணுக்கால் வீங்கிப் பலாக்காய்போல் இருந்தது. பிரேசில் மூன்று ஆட்டத்தையும் வென்று வந்த அணி. அன்று எண்பது நிமிடம் பிரேசில்தான் ஆடியது. கோல் கம்பத்தில் பட்டுப் பட்டுத் திரும்பியது பந்து. கரமடியை முழுக்க இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், மடியைத் தூக்குவதுதான் பாக்கி.

அப்போது மரடோனா நடுவட்டத்தில் இருந்து கிளம்பினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நொண்டல். நான்கு மஞ்சள் சட்டைகள் அவரை நோக்கி வந்தன. நான்கு பேரும்! நான் எழுந்து நின்று, "ஒருவன் மட்டும் போ, மற்றவன் நில்" என்று கத்தினேன். டிவிக்குக் கேட்குமா? விழுவதுபோல் சாய்ந்துகொண்டே வலது காலால், அவருக்கு அவ்வளவாக வாகில்லாத காலால், இடைவெளியில் ஒரு தட்டு. கனீஜியா தனியாக நின்றார். கோல்கீப்பர் டாஃபரேலைத் தாண்டிப் போட்டார். நூலகத்தில் ஒரு சத்தமில்லை. கடல் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று கரமடி யாருடையது, தூண்டில் யாருடையது? ஆகவே மஞ்சள்கரைத் தம்பி, இது ரத்தத்தில் வருகிறது, குடிபெயர்கிறது என்பதெல்லாம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தந்தக் காலத்தில் கையில் இருக்கும் ஆட்களை வைத்துத்தான் தொழில். அன்று அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் பிலார்டோ கையில் ஒரு மரடோனாவும் ஒரு கனீஜியாவும், மற்றபடி தடுப்பவர்களும்தான் இருந்தார்கள். அதற்கு அவர் தூண்டில்தான் போட முடியும்.

கரமடியைப் பற்றி இன்னொன்று. வலையின் அடிப்பக்கம் தரையை விட்டு எழும்பினால் மீன் அடியில் நழுவிப் போய்விடும். சவுதி ஆட்டத்தில் நடந்தது அதுதான். முதல் பாதியில் அர்ஜென்டினா போட்ட மூன்று கோல்கள் ஆஃப்சைடு (பந்து கொடுக்கும் முன்பே தடுப்பு வரிசையைத் தாண்டி நின்றது) என்று போயின, எல்லாம் மயிரிழையில். சவுதிக்காரர்கள் தங்கள் பின்வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்தினார்கள். இடைவேளைக்குப் பிறகு ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு அடி. வலை நல்ல வலைதான், அன்று அடியில் ஈயம் போதவில்லை.


இடது விங் (முட்டம்):

ஐயா, அந்த வரிக்காகவே உள்நுழைந்து எழுதுகிறேன். நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பதினாறு வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்கு மாலையில் பயிற்சி கொடுக்கிறேன்.

நீங்கள் ஆட்களைப் பற்றிச் சொன்னதில் இருந்து தொடங்குகிறேன். எங்கள் கடற்கரைப் பிள்ளைகளைச் செம்மண் மைதானத்துக்கு முதல்முறை கூட்டிப்போகும்போது ஒவ்வொரு வருடமும் ஒரே காட்சிதான். மணலில் பந்து உருளாது. தட்டிக் கொடுத்தால் பாதி வழியில் நின்றுவிடும். அதனால் மணலில் வளர்ந்த பிள்ளை பந்தைக் கொடுக்காது, தூக்கும், காலோடு வைத்துக்கொள்ளும், ஆளை வெட்டும். உள்நாட்டுப் பிள்ளை செம்மண் தரையில் ஒரே தட்டில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். முதல் ஆட்டத்தில் எங்கள் பிள்ளைகள் ஆளுக்கு மூன்று பேரை வெட்டுவார்கள், ஊரே கைதட்டும், 4-0 என்று தோற்போம். வண்டியில் திரும்பும்போது, "டீச்சர், நாங்கள்தானே நன்றாக ஆடினோம்?" என்று கேட்பார்கள்.

இரவிபுத்தன்துறையில் இருந்து போன மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்று ஆடினார். எந்த இடம்? இடது ஓரம். நம் கரை அதிகம் பெற்றெடுப்பது விங்கர்களைத்தான். நடுக்களத்தில் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கி, இரண்டு பக்கமும் பார்த்துக் கொடுக்கும் பிள்ளையை நான் ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணமாகிவிட்டது.

பிரேசிலுக்கும் இந்த நோய்தான் என்பது என் கணிப்பு. வினீசியஸ், ரோட்ரிகோ, எண்ட்ரிக் மூவரையும் பதினெட்டு வயதில் ஒரே ஐரோப்பிய கிளப் கூட்டிக்கொண்டு போனது. ஓரத்தில் ஓடுபவனுக்கும் கோல் போடுபவனுக்கும்தான் பெரிய விலை. எந்தச் சரக்குக்கு விலை இருக்கிறதோ அதைத்தானே எல்லாரும் விளைவிப்பார்கள்? அர்ஜென்டினாவில் ஐந்தாம் எண் சட்டைக்கு, அதாவது நடுக்களத்தின் மையத்தில் ஆடுபவனுக்கு, ஒரு தனி மரியாதை உண்டு, பத்தாம் எண்ணுக்கு அடுத்தபடியாக. ரெடோண்டோ ஆடிய இடம். அங்கே பையன்கள் அந்த இடத்துக்கு ஆசைப்படுகிறார்கள். 2006இல் செர்பியா-மான்டினீக்ரோவுக்கு எதிராக இருபதுக்கும் மேற்பட்ட பாஸ்களுக்குப் பிறகு கம்பியாஸோ போட்ட கோல் ஞாபகமிருக்கிறதா? போட்டவர் நடுக்களத்துக்காரர். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். "எப்போது டீச்சர் கோல் வரும்?" என்று பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள்.


வடசேரி ஓரம் (நாகர்கோவில்):

அக்கா சொன்ன விலைக் கணக்கு எனக்குப் புரிகிறது, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் ஒரு கேள்வி. 1994இல் பிரேசில் கோப்பை வென்றபோது நடுக்களத்தில் துங்காவும் மௌரோ சில்வாவும். இரண்டு பேரும் காவலாளிகள். கலை எல்லாம் முன்னால் ரொமாரியோ, பெபெட்டோ கால்களில். இறுதிப்போட்டி 0-0. பெனால்டியில் ஜெயித்தார்கள். 1982 அணி வீட்டுக்குப் போனது, 1994 அணி கோப்பையோடு போனது. ஆக, தூண்டிலில் என்ன குறை?


மஞ்சள்கரை (தூத்தூர்):

தூண்டிலில் குறை இல்லை. அதைப் போடுபவனுக்குப் பொறுமை வேண்டும். துங்கா அணிக்குப் பொறுமை இருந்தது. பின்னால் ஆறு பேர் நின்ற இடத்தை விட்டு நகரமாட்டார்கள். இன்றைய அணி தூண்டிலைப் போட்டுவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கயிற்றைத் தூக்கிப் பார்க்கிறது.

ஐயா 1990ஐச் சொன்ன பிறகு, குடிபெயர்ந்தது என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். "அந்த இரவு நானும் நூலகத்தில்தான் இருந்தேன், நாலு பேரும் போகாதே என்று நானும் கத்தினேன்" என்றார். எந்த நூலகம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கரையில் எல்லாரும் அன்று கத்தியிருப்பார்கள்போல.


பத்தாம் நம்பர் (குளச்சல்):

இப்போது உங்களுக்குப் பயிற்சியாளராக ஆஞ்சலோட்டி வந்திருக்கிறாரே, அவரைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நாங்கள் 38 புள்ளிகளோடு முதலிடம், நீங்கள் 28 புள்ளிகளோடு ஐந்தாமிடம். சும்மா நினைவூட்டுகிறேன்.


மஞ்சள்கரை (தூத்தூர்):

நினைவூட்டலுக்கு நன்றி. ஆஞ்சலோட்டி வந்ததும் கஸிமிரோவைத் திரும்ப அழைத்தார், பக்கத்தில் புரூனோ. அவருக்கும் நோய் எங்கே என்று தெரிந்திருக்கிறது. 2025 அக்டோபரில் கொரியாவை 5-0 என்று அடித்தபோது எங்கள் தெருவில் வெடி போட்டோம். நான்கே நாளில் டோக்கியோவில் 2-0 என்று முன்னால் இருந்து, 3-2 என்று ஜப்பானிடம் தோற்றோம். ஜப்பானிடம் பிரேசில் தோற்றது அதுதான் முதல்முறை. மீதி வெடி இன்னும் பரணில் இருக்கிறது.


பழைய கோலி (இனயம்):

ஜப்பான் ஆட்டத்தை நானும் பார்த்தேன். ஆட்களில் பாதிக்கு மேல் மாற்றியிருந்தார்கள். பின்களத்துக்காரன் தன் கோலுக்கு முன்னால் கால் வழுக்கி எதிரியிடமே பந்தைக் கொடுத்தான். கோல்கீப்பர்களைத் திட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.


இடது விங் (முட்டம்):

சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளுக்கு உள்நாட்டுப் பள்ளி ஒன்றோடு ஆட்டம். நடுக்களத்தில் நான்கு பேரை நிறுத்தப்போகிறேன், விங்கர் ஒருத்திதான். இப்போதே இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய கோலி ஐயா வந்து எங்கள் கோல்கீப்பர் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும்.


பழைய கோலி (இனயம்):

வருகிறேன் மகளே. பஸ் நிறுத்தத்தில் இருந்து மைதானம் எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல், முட்டிவலி.


பத்தாம் நம்பர் (குளச்சல்):

நானும் வருகிறேன். மஞ்சள்கரை அண்ணனும் வரவேண்டும். வரும்போது பந்தயத்துக்கு நான் கொடுத்த சட்டையைக் கொண்டுவரவும். அது இரவல். துவைத்துத் திருப்பித் தருவதாகச் சொல்லி மாதக்கணக்காகிறது.


மஞ்சள்கரை (தூத்தூர்):

தம்பி, அது படகின் எஞ்சின் அறையில் இருக்கிறது. படகை ஓட்டும் ஸ்ராங்க் யாரிடமும் கேட்காமல் எண்ணெய் துடைக்க எடுத்துவிட்டார், அவரும் பிரேசில். இப்போது அதில் நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன், அளவைச் சொல்.